உலர்களத்தில் நாலு நாள்

இன்பராஜ் தன் தங்கை பியூலாவிடம் கடந்த ஒரு வருஷமாகப் பேசியதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் ஒரே வார்த்தைதான் தேறும். “வித்துரு.” கிறிஸ்துமஸுக்கு அதைச் சொன்னார். ஈஸ்டருக்கு அதைச் சொன்னார். அப்பாவின் நினைவு நாள் ஜெபம் முடிந்து ஆமென் சொன்ன வாயை மூடுவதற்குள் அதையே சொன்னார். பியூலாவும் லேசுப்பட்டவள் இல்லை. அவள் திருப்பிச் சொன்னதும் ஒரே வார்த்தைதான். “முடியாது.” இரண்டு பேரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

அவர் விற்கச் சொன்னது தாண்டிக்குடிக்கு மேலே, மலைச்சரிவில் கிடக்கும் ஆறு ஏக்கர் காபித் தோட்டத்தை. அவர்களுடைய அப்பா சாலமன்ராஜ் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். ஓய்வு பெற்ற மறு மாதமே சொந்த ஊரான வெம்பக்கோட்டையின் வெயிலுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு மலையில் போய் அதை வாங்கி உட்கார்ந்துகொண்டார். பன்னிரண்டு வருஷம். கிறிஸ்துமஸுக்கு மட்டும் இறங்கி வருவார், அதுவும் பழம் பறிப்பு மும்முரமாக இல்லாவிட்டால். அம்மா மூச்சுக்குத் திணறிக்கொண்டு படுத்த ஜனவரியில் அவர் மேலே பழம் பறித்துக்கொண்டிருந்தார். தகவல் போய், அவர் பஸ் மாறி பஸ் மாறி வந்து சேர்ந்தபோது அம்மாவைப் பெட்டியில் வைத்திருந்தார்கள். அன்றிலிருந்து இன்பராஜின் வீட்டுக்குள் காபித்தூள் நுழைந்ததில்லை. விருந்தாளி வந்தாலும் டீதான்.

பியூலா குவைத்தில் பதினான்கு வருஷம் நர்ஸாக வேலை பார்த்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா இறந்த பிறகு தோட்டத்து வீட்டைப் பூட்டிவிட்டு வரலாம் என்று போனவள், பூட்டாமல் அங்கேயே தங்கிவிட்டாள். நாற்பத்து நான்கு வயதில் முதன்முறையாக, பெல் அடித்து யாரும் அவளைக் கூப்பிடாத இடம் கிடைத்திருந்தது. அதை விட்டுவிட்டு வா என்று சொல்கிறவர் கூடப்பிறந்தவராக இருந்தால் என்ன, அவளுக்கு எதிரிதான்.

அப்பா காலத்தில் பழுத்ததும் பழுக்காததுமாக உருவி, மொத்தமாகக் காயப்போட்டு, வருகிற வியாபாரியிடம் தள்ளிவிடுவார்கள். பியூலா அதை நிறுத்தினாள். நன்றாகச் சிவந்த பழத்தை மட்டும் ஒவ்வொன்றாகப் பறிக்க வைத்தாள். தண்ணீரில் போட்டு மிதப்பதைக் கழித்தாள். தோலை மட்டும் நீக்கிவிட்டு, கொட்டையைச் சுற்றியிருக்கும் பிசுபிசுப்பான சதையைக் கழுவாமல் அப்படியே காய வைக்கும் முறையைப் பிடித்துக்கொண்டாள். ஒழுங்காகக் காய்ந்தால் அந்தக் கொட்டையை வறுத்துப் போட்ட காபியில் பனைவெல்லம் போட்டது மாதிரி ஒரு இனிப்பு தானாகவே இருக்கும். ஒழுங்காகக் காயாவிட்டால் புளித்துப் பூசணம் பிடிக்கும். நடுவழி கிடையாது.

கோயம்புத்தூரில் காபி வறுத்து விற்கும் கதிரவன் என்பவர் போன வருஷம் அவளுடைய காபியில் ஒரு கைப்பிடி வாங்கிப் போய்க் குடித்துப் பார்த்தார். “அடுத்த அறுவடையில நல்லபடியா காய வெச்சுக் குடுத்தீங்கன்னா மொத்தத்தையும் நானே எடுத்துக்கிறேனுங்க” என்று சொல்லியிருந்தார். அதைப் பிடித்துக்கொண்டுதான் அண்ணன் தங்கை இருவரும் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். இன்பராஜும் அப்பாவைப் போல வாத்தியார்தான்; அவர் மனைவி ஞானதீபமும் டீச்சர், முத்து முத்தான கையெழுத்து. கோடு போட்ட தாளில் அவள்தான் எழுதினாள். ஜனவரி முடிவதற்குள் கதிரவன் காபியை எடுத்துக்கொண்டால், இன்பராஜ் தன் பங்கைப் பத்து வருஷத்துக்குத் தங்கையிடம் விட்டுவிட வேண்டும். எடுக்காவிட்டால், விற்பனைக்குச் சம்மதம் என்று பியூலா கையெழுத்துப் போட்டுவிட வேண்டும். மலையில் தங்கும் விடுதி கட்ட ஆள் தயாராக இருந்தார். விற்பனைக்கான தாள்களைக்கூட இன்பராஜ் முன்கூட்டியே தயார் செய்து பீரோவில் வைத்துவிட்டார். அந்த அளவுக்கு அவருக்குத் தங்கை மேல் நம்பிக்கை.

மலை அவளுக்கு எதிராகத் திரும்பியது. டிசம்பர் கடைசியில் இறங்கிய மூடுபனி எழுந்திருக்கவே இல்லை. சுற்றுலா வருகிறவர்களுக்கு அது போட்டோ எடுக்க நன்றாக இருக்கும். காபி காய வைக்கிறவளுக்கு அது வீட்டுக்குள் புகுந்த பாம்பு. பதினோரு நாள் சூரியனைக் கண்ணால் பார்க்கவில்லை. காயப்போடும் பந்தலில் போட்ட முதல் பறிப்பு கண் முன்னால் பூசணம் பூத்தது. பியூலா அதை அள்ளிக் குழியில் போட்டுவிட்டு, பந்தல் கால்களை ஆத்திரம் தீர உதைத்தாள். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு அண்ணனுக்கு போன் செய்து, பிப்ரவரி வரை தவணை கேட்டாள்.

“தவணையும் கிடையாது, ஒண்ணும் கிடையாது” என்றார் இன்பராஜ். “வெயிலு இல்லன்னா இங்கன கொண்டா. வெம்பக்கோட்டையில வேற என்ன இருக்கு, வெயிலுதான இருக்கு. களமும் ஆளும் என் பொறுப்பு.”

“எழுதிக் குடுப்பியா?”

“எழுதிக்கோ.”

ஒப்பந்தத் தாளின் அடியில் மைனி ஞானதீபம் இன்னொரு வரியைச் சேர்த்தாள். களத்தாலோ ஆட்களாலோ குறை வந்தால், பியூலாவுக்கு இன்னும் ஒரு வருஷம். இன்பராஜ் அதில் கையெழுத்துப் போட்டு, அந்தத் தாளைப் படம் எடுத்து அவளுக்கு அனுப்பினார். கூடவே ஒரு வார்த்தையும் எழுதவில்லை.

இரண்டாம் பறிப்பைப் பறித்த அன்றைக்கே தோல் நீக்கி, ஈரமும் பிசுக்குமாக மூட்டை கட்டி, மினி லாரியில் ஏற்றிக்கொண்டு பியூலா இறங்கினாள். வத்தலக்குண்டு தாண்டியதுமே ஸ்வெட்டரைக் கழற்றினாள். வெம்பக்கோட்டை வந்தபோது முகத்தில் அடித்த வெயிலை வாழ்க்கையில் முதல்முறையாக அவளுக்குப் பிடித்திருந்தது.

அணைக்குப் போகிற சாலையோரம் பஞ்சாயத்து கட்டிய சிமென்ட் உலர்களம் ஒன்று உண்டு. மக்காச்சோளமும் உளுந்தும் காய்கிற இடம். பக்கத்தில் தகரக் கொட்டகை. அங்கே இன்பராஜ் ஏற்பாடு செய்த நாலு பெண்கள் காத்திருந்தார்கள். நாலு பேருமே பட்டாசு கம்பெனியில் வேலை பார்க்கிறவர்கள். பக்கத்து ஊரில் நடந்த வெடி விபத்துக்குப் பிறகு சோதனை, ஆய்வு என்று கம்பெனிகளைப் பூட்டி மூன்று வாரம் ஆகியிருந்தது. அவர்களில் மூத்தவள் கருப்பம்மாள். ஐம்பது வயது இருக்கும். ஒடிசலான உடம்பு, வாரி இழுத்துக் கட்டிய கொண்டை. இருபத்திரண்டு வருஷமாக மணி மருந்து காயப்போடும் பிரிவில் இருப்பவள். வானத்தில் போய்ப் பூப்பூவாக உதிரும் வெடிக்கு உள்ளே வைக்கிற சின்னச் சின்ன உருண்டைகளுக்குப் பெயர்தான் மணி மருந்து.

பியூலா இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள். சுற்றிலும் பட்டாசு கம்பெனி. ஆனால் வாத்தியார் வீட்டுப் பிள்ளை. ஒருநாளும் ஒரு கம்பெனிக்குள் கால் வைத்ததில்லை, வைக்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. அவர்கள் ரொம்பக் கவனமாக வேலை பார்ப்பார்கள் என்பது மட்டும் அவளுக்குத் தெரியும். இல்லாவிட்டால் உயிரோடு வீட்டுக்கு வர முடியாதே.

மூட்டைகளை இறக்கிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. இன்பராஜ். லாரியைக் களத்துக்குள் ஏற்றினாயாமே, சிமென்ட் விரிசல் விட்டால் பஞ்சாயத்துக்கு யார் பதில் சொல்வது என்று ஆரம்பித்தார். பியூலா பதிலுக்கு ஆரம்பித்தாள். களத்தில் தொடங்கிய பேச்சு அம்மாவின் சாவுக்குப் போனது. அங்கிருந்து, நீ குவைத்தில் உட்கார்ந்துகொண்டு அம்மாவுக்கு என்ன செய்தாய் என்பதற்குப் போனது. அவளுக்குக் காது இரண்டும் கொதித்தது.

கருப்பம்மாள் எதிரே வந்து நின்றாள். “யம்மா, இத எப்பிடிக் காயப்போடணும்? கிண்டி விடணுமா, வேண்டாமா?”

பியூலா போனைக் காதிலிருந்து எடுக்காமலே சொன்னாள். “உங்க கம்பெனியில வெடி மருந்து எப்பிடிக் காயப்போடுவீக? அப்பிடிப் போடுங்க. அம்புட்டுத்தான்.”

“இது காப்பிக்கொட்டைல்லா. இதுக்கு எதுக்கும்மா அப்பிடி?”

“கேள்வி கேக்காதீக. சொன்னதச் செய்ங்க.”

கருப்பம்மாள் அவளை ஒரு நிமிஷம் பார்த்தாள். “சரிம்மா” என்று போய்விட்டாள். பியூலா சண்டையைத் தொடர்ந்தாள். அன்று சாயங்காலமே அவள் மலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. கடைசிப் பறிப்பு மரத்தில் நின்றது. விட்டால் உதிர்ந்துபோகும்.

நாலு நாள் மலையில் பறித்தாள். ஈரச் சட்டை, விரல் நுனியெல்லாம் வெடிப்பு, காலில் அட்டை கடித்த இடம் அரிப்பு. இருந்தாலும் மனசு லேசாக இருந்தது. தினமும் கருப்பம்மாளுக்கு போன் செய்தாள். “கவனமாப் பாக்கீகளா?” என்று கேட்டாள். “கண்ணு மாதிரி பாக்கோம்மா” என்று பதில் வந்தது. அது பொய்யே இல்லை. பறித்து முடித்த அன்று பியூலா தோட்டத்து வீட்டு வாசலில் நின்று, பத்து வருஷத்துக்கு எந்தப் பக்கம் என்ன நடலாம் என்று கணக்குப் போட்டாள். பனிக்குள் எதுவும் தெரியவில்லை. ஆனால் அவளுக்கு எல்லாம் தெரிந்தது.

ஐந்தாம் நாள் சனிக்கிழமை. கதிரவன் கோயம்புத்தூரிலிருந்து நேராக வெம்பக்கோட்டைக்கே வந்துவிட்டார். முப்பது வயதுக்குள் இருப்பார், பணிவான ஆள். காலையில் மலையிலிருந்து இறங்கிய பியூலாவும் அவரும் ஒன்றாகக் களத்துக்குப் போனார்கள்.

களம் கோயில் மாதிரி சுத்தமாக இருந்தது. நாலு மூலையிலும் நாலு வாளி தண்ணீர். பக்கத்தில் நாலு வாளி மணல். பெண்கள் செருப்பைக் கொட்டகைக்கு வெளியே கழற்றிவிட்டு வெறுங்காலில் நின்றார்கள். கிண்டிவிடுவதற்கென்று பியூலா மூட்டைகளோடு விட்டுப்போயிருந்த இரும்புப் பல் வைத்த இரண்டு வாரிகளும் வேலிக்கு வெளியே கிடந்தன. மணி பத்தரை. வெயில் சுள்ளென்று அடித்தது. ஆனால் களத்தில் கொட்டையைக் காணவில்லை. பரப்பிய படுதாவோடு அலுங்காமல் தூக்கி வந்து, கொட்டகை நிழலில் குவியல் குவியலாக வைத்து, மேலே இன்னொரு படுதா போட்டு மூடியிருந்தது.

கதிரவன் படுதாவைத் தூக்கினார். உள்ளேயிருந்து பழைய கஞ்சிப் பானையைத் திறந்த வாடை வந்தது. கையை விட்டு ஒரு கட்டியை எடுத்தார். கொட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கொழுக்கட்டை அளவுக்கு உருண்டிருந்தன. உடைத்தார். நடுவில் வெள்ளை வெள்ளையாகப் பூசணம். இன்னொரு குவியலில் கைவிட்டார், இன்னொன்றில் விட்டார். பியூலாவின் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

“இது ஆகாதுங்க. இத வறுத்தா என் கடை மெஷினையே கழுவிப் போடோணும்.”

“ஒரு குவியலாவது?”

“இல்லீங்க. மன்னிச்சுக்கோங்க.” அவர் கையைத் துடைத்துக்கொண்டு காருக்குப் போனார். ஜனவரி முடிய மூன்று நாள்தான் இருந்தது; கடைசிப் பறிப்பை இறக்கி வந்து காய வைக்க அது போதாது. மலையில் இன்னமும் பனி.

கார் போகிற சத்தம் அடங்கியதும் பியூலா கருப்பம்மாள் பக்கம் திரும்பினாள். “என் அண்ணன் என்ன சொன்னாரு உங்ககிட்ட? கெடுத்துவிடச் சொன்னாரா?”

கருப்பம்மாளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் அவள் முகம் இறுகியது. “சார் இந்தப் பக்கம் வரவே இல்ல.”

“பெறகு ஏன் கிண்டி விடல? பிசுபிசுன்னு இருக்குறத மணிக்கொரு தடவ கிண்டாம விட்டா ஒட்டிக்கிடும்னு சின்னப் பிள்ளைக்கிக்கூடத் தெரியுமே. வெயில் ஏறுற நேரத்துல எந்த மடச்சியாவது நிழல்ல அள்ளிப் போடுவாளா?”

“நாங்க போடுவோம்” என்றாள் கருப்பம்மாள். “மருந்த அப்பிடித்தான் காயப்போடணும். எளவெயில்ல பரப்பணும், வெயில் ஏறுமுன்ன நிழலுக்கு எடுக்கணும், சாயங்காலம் திரும்பப் பரப்பணும். இரும்பு கிட்ட வரக்கூடாது. காயுறப்ப கிண்டவே கூடாது. ஒண்ணோட ஒண்ணு உரசுச்சின்னா போச்சி. என் தங்கச்சி பத்திரகாளி கிண்டுனா. மளை வருதேன்னு அவசரப்பட்டு, கட்டி தட்டுனத வெறுங்கையால ஒடச்சா. அவளத் துணியில கட்டித்தான் வீட்டுக்குக் கொண்டாந்தோம்.”

கதிரவன் உடைத்துப் போட்ட கட்டியைக் கருப்பம்மாள் குனிந்து எடுத்தாள்.

“காப்பிக்கொட்ட வெடிக்காதுன்னு எங்களுக்குத் தெரியாதாம்மா? அதுக்காவத்தான கிண்டணுமான்னு கேட்டேன். மருந்து மாதிரிப் போடுன்னீக. எதுக்குன்னு திரும்பக் கேட்டேன். கேள்வி கேக்காதன்னீக. காசு குடுக்குறவுக சொல்றீக, ஏதோ காரணம் இருக்கும்னு செஞ்சோம். நாலு நாளும் ஒரு கொட்ட இன்னொரு கொட்டையோட உரசல.”

சொன்னது பியூலாவேதான். போனைக் காதில் வைத்துக்கொண்டு, அண்ணனைத் திட்டுகிற மும்முரத்தில், எதிரே நிற்கிறவள் முகத்தைக்கூடப் பார்க்காமல் சொன்னது. இந்த ஊரில் பதினெட்டு வயது வரை இருந்திருக்கிறாள். வெடி மருந்தைக் கிண்டக்கூடாது என்பது இங்கே நடக்கிற பிள்ளைக்கும் தெரியும். அவளுக்குத் தெரியவில்லை.

அவள் களத்தை விட்டு இறங்கி நடந்தாள். அண்ணன் வீடு இரண்டு தெரு தள்ளி. அந்த இரண்டு தெருவுக்குள் அவள் மனசு செய்த வேலையைப் பிற்பாடு நினைக்கும்போதெல்லாம் அவளுக்கே கூசும். முதல் தெரு முடிகிறவரை தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். இரண்டாவது தெரு திரும்பும்போது ஒப்பந்தத் தாளின் கடைசி வரி நினைவுக்கு வந்தது. ஆட்களால் குறை வந்தால் இன்னும் ஒரு வருஷம். ஆட்கள் கிண்டவில்லை, அது உண்மைதானே. ஏன் கிண்டவில்லை என்று அந்தத் தாள் கேட்கவில்லை.

இன்பராஜ் முன்னறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். தெருப் பக்கத்து ஜன்னல் இரண்டும் திறந்து கிடந்தன.

“போச்சா?” என்றார் தலையை நிமிர்த்தாமல்.

“போச்சி. நீ பிடிச்சுக் குடுத்த ஆளுகளால போச்சி” என்றாள் பியூலா. குரல் தெருவரைக்கும் கேட்கும் அளவுக்கு உயர்ந்திருந்தது. “கிண்டி விடணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். அந்தக் கருப்பம்மா காதுலயே வாங்கல. நாலு நாளும் மூடிப் போட்டு வச்சிருக்கா.”

பொய் எவ்வளவு வழவழவென்று வந்தது என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

இன்பராஜ் சிவப்புப் பேனாவை மூடினார். “நீ சொல்லித்தான் குடுத்தியா?”

“பின்ன?”

அவர் மனைவியைக் கூப்பிட்டார். ஞானதீபம் தாளைக் கொண்டுவந்து, கடைசி வரியை வாசித்தாள். இன்பராஜ் தாளை வாங்கித் தன் கையெழுத்தைப் பார்த்தார். அவர் சண்டைக்காரர், பிடிவாதக்காரர், மன்னிக்கத் தெரியாதவர். ஆனால் எழுதிக் கொடுத்ததை மாற்றிப் பேசுகிறவர் இல்லை.

“சரி” என்றார். “ஆள் நான் பிடிச்சது. எழுதுனது எழுதுனதுதான். ஒனக்கு இன்னும் ஒரு வருசம்.”

பியூலா நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒரு வருஷம். மார்ச்சில் ஒரு மழை விழுந்தால் செடி முழுக்க வெள்ளையாகப் பூக்கும். அடுத்த முறை தானே களத்தில் படுத்துக் கிடந்து காய வைப்பாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. இல்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய்.

இன்பராஜ் போனை எடுத்து யாரையோ அழைத்தார்.

“ஏலே அய்யாதுரை, சார் பேசுதேன்.” அய்யாதுரை அவரிடம் படித்தவன். கருப்பம்மாள் வேலை பார்க்கிற கம்பெனியில் போர்மேன். “திங்கக்கிழம கம்பெனி திறக்கீகளாம்லா. அந்தக் கருப்பம்மாள மருந்துப் பக்கம் விடாதலே. காயப்போடுற வேலையச் சொன்னா சொன்னபடி செய்யத் தெரியல அவளுக்கு. இங்கன காப்பிக்கொட்ட கெட்டுச்சி, அதோட போச்சி. அங்கன பத்து உசுரு போயிரும். ஆமா. எங்கண்ணால பாத்த மாதிரிதான். நிறுத்திரு.”

அவர் வன்மத்தோடு சொல்லவில்லை. அதுதான் பியூலாவை அடித்தது. கேள்விப்பட்டது உண்மை என்றால், ஒரு வாத்தியார் சொல்ல வேண்டியதைத்தான் சொன்னார்.

அவள் தன்னையே சமாதானப்படுத்திப் பார்த்தாள். கருப்பம்மாளுக்குத் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்குகிற வேலையாவது கிடைக்கும். ஐம்பது வயதுக்கு மேல் மருந்தோடு மாரடிக்காமல் இருப்பது அவளுக்கே நல்லது. இரண்டு வாரம் கழித்து வந்து உண்மையைச் சொல்லிக்கொள்ளலாம். ஒவ்வொன்றும் கேட்க நியாயமாகத்தான் இருந்தது. இருபத்திரண்டு வருஷமாக ஒரு மணி மருந்து கூட இன்னொன்றோடு உரசாமல் பார்த்துக்கொண்ட கையை, கவனக்குறைவான கை என்று அந்த போன் இப்போது சொல்லிக்கொண்டிருக்கிறது. அவள் எழுந்தாள்.

“அண்ணே, போனை வைக்காத.”

“என்ன?”

“கருப்பம்மாக்கா மேல தப்பில்ல. வெடி மருந்து மாதிரிக் காயப்போடுன்னு நான்தான் சொன்னேன். கிண்டணுமான்னு கேட்டாக. அப்பவும் அதத்தான் சொன்னேன். ஒன்கூட போன்ல சண்ட போட்டுக்கிட்டே சொன்னேன். அவுக அப்பிடியே செஞ்சாக. எனக்குத்தான் மருந்து எப்பிடிக் காயும்னு தெரியல.”

இன்பராஜ் போனைக் கையால் பொத்தினார். “இப்ப என்ன சொன்ன?”

“காது கேக்கலையா? மொதல்ல அத அய்யாதுரைகிட்டச் சொல்லு. பெறகு எங்கிட்டப் பேசு.”

அவர் அவளை முறைத்தார். பிறகு போனை எடுத்து, “ஏலே, நான் சொன்னது தப்பு. அந்தம்மா சரியாத்தான் செஞ்சிருக்கு. எந்தங்கச்சி சொன்னதுலதான் கோளாறு. வழக்கம்போல வேலைக்கு எடுத்துக்க” என்றார். ‘எந்தங்கச்சி’ என்பதில் கொஞ்சம் அழுத்தம் இருந்தது. போனை மேஜையில் வைத்தார்.

ஞானதீபத்துக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. உள்ளே போய் டீ போட்டுக்கொண்டு வந்து வைத்தாள். யாரும் தொடவில்லை.

“அப்ப ஆளால வந்த குறை இல்ல” என்றார் இன்பராஜ்.

“இல்ல.”

“நான் எரக்கப்படுவேன்னு நெனச்சிராத.”

“ஒங்கிட்ட யாரு கேட்டா?”

அவர் பீரோவைத் திறந்து தாள்களை எடுத்து வந்தார். வரிசையாக ஐந்து இடம், பென்சிலால் புள்ளி வைத்துத் தயாராக இருந்தது. பியூலா அண்ணனின் சிவப்புப் பேனாவை எடுத்தாள். அவர் அதைப் பிடுங்கிவிட்டு, சட்டைப் பையிலிருந்து நீலப் பேனாவைக் கொடுத்தார். அவள் ஐந்து இடத்திலும் போட்டாள். மூன்றாவது இடத்தில் கண் கலங்கி எழுத்துத் தெரியாமல் போனது. துடைத்துக்கொண்டாள். அண்ணன் பார்த்துவிட்டாரே என்ற எரிச்சலில் மீதி இரண்டையும் அழுத்தமாகப் போட்டாள்.

“மலையில பறிச்சு வச்சிருக்கிறத நான் எடுத்துக்கிடுவேன்” என்றாள்.

“எடுத்துக்கோ. அந்த நாத்தம் எனக்கு எதுக்கு.”

அவள் வெளியே வந்தாள். கேட்டுக்கு அந்தப் பக்கம், திறந்த ஜன்னலுக்கு நேர் எதிரே, கருப்பம்மாள் நின்றிருந்தாள். களத்துக் கொட்டகைச் சாவியைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்தாள். எப்போது வந்தாள் என்று பியூலாவுக்குத் தெரியவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அசையாமல் நின்றாள்.

பியூலா கையை நீட்டினாள். “அண்ணங்கிட்ட உள்ளத எல்லாத்தயும் சொல்லிட்டேன்க்கா. திங்கக்கிழம நீங்க வேலைக்குப் போலாம்.”

கருப்பம்மாள் சாவியை அவள் நீட்டிய கையில் கொடுக்கவில்லை. கேட் கம்பியில் மாட்டினாள்.

“கேட்டுச்சி” என்றாள். “அதுக்கு முன்ன சொன்னதும் கேட்டுச்சி.”